படகுக்கு ஒட்டிய சிவப்புக் கார்ப்பெட்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், ஒரு பெருமை தவறாமல் கிளம்பிவிடுகிறது. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டோமாம். கூரையை நாமே வேய்ந்தோமாம், கட்டிலை நாமே பின்னினோமாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பல்பு மாட்டக்கூட போன் போட்டு ஆள் கூப்பிடுகிறார்களாம். போன வாரம் ஒரு வளைகாப்பிலும் இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் நிறையப் புளிசாதம் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது வாய் காலியாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நாமே செய்தோம், சரி. செய்தது நின்றதா? அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. என் நைனா தன் கையாலேயே செய்த ஒரு வேலையால் நான் ஆறாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் செய்த வேலை, மீன் பிடிக்கிற படகுக்குக் கார்ப்பெட் மாற்றியது. சிரிக்காதீர்கள். உத்திரமேரூர் பக்கத்து ஏரியில் படகே அதிசயம், அதற்குக் கார்ப்பெட் வேறா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை அன்றைக்கு ஒரு ஆள் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்களுக்கு நிலம் என்று ஒரு கையகலம்கூடக் கிடையாது. நடவு, அறுப்பு இருந்தால் ஊரில் இருப்போம். தை பிறந்ததும் சட்டி பானையை மூட்டை கட்டிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவோம். என் படிப்பு அப்படித்தான் ஓடியது. ஆறு மாதம் பள்ளிக்கூடம், ஆறு மாதம் களிமண். நான்காம் வகுப்பில் பெருக்கல் ஆரம்பிக்கும்போது போய், வகுத்தல் முடிந்தபிறகு திரும்பி வந்தவள் நான்.

அப்போதுதான் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடற்கரைச் சாலையில் பட்டணத்து ஜனங்கள் காசு கொடுத்து ஏறிச் சுற்றுகிற இடம் ஒன்றில் கழித்துப்போட்ட படகு. ஃபைபரில் செய்தது. இரண்டு பக்கமும் தாமரை வரைந்திருந்தது, பாதி உரிந்து போயிருந்தது. உட்காரும் பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். உள்ளே தட்டையான தரை. அந்தத் தரை முழுக்கப் பச்சைக் கார்ப்பெட் ஒட்டியிருந்தது.

அதுவரை எங்கள் ஏரியில் லாரி டியூபைக் கட்டிக்கொண்டுதான் வலை வீசுவார்கள். நைனாவுக்கு நீச்சலும் தெரியும், கழி ஊன்றவும் தெரியும். படகை அவர் பொறுப்பில் விட்டார் குத்தகைக்காரர். ஏரியைக் காவல் காக்க வேண்டும், வலை நாளில் படகு தள்ள வேண்டும், மீனில் ஒரு பங்கு. அந்தப் படகு வந்த பிறகு நாங்கள் சூளைக்குப் போகவில்லை. இரண்டு வருஷம் நான் ஒருநாள் விடாமல் பள்ளிக்கூடம் போனேன். படகு எங்களிடம் இருந்தால் எனக்குப் பள்ளிக்கூடம், கைவிட்டுப் போனால் சூளை. பதினோரு வயதில் எனக்கு இது வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பச்சைக் கார்ப்பெட்டை எங்கள் தெரு கொண்டாடிய கூத்தைச் சொல்ல வேண்டும். யாரானாலும் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும் என்று நைனா ஒரு சட்டம் போட்டார். மீன் துள்ளும், சேறு வழியும், விரால் ரத்தம் கொட்டும். அதெல்லாம் பரவாயில்லை. செருப்பு மட்டும் கூடாது. படகை எங்கள் தெருவில் போட்டு என்பார்கள். அம்மா தினமும் ஒரு தடவையாவது முணுமுணுப்பாள்.

"வூட்டுத் தரைக்குச் சாணி, போட்டுத் தரைக்குக் கம்பளம். நல்லாகீது நாயம்."

கார்ப்பெட் என்பது தண்ணீரைக் குடிக்கிற ஜாதி. ஒரு மழைக்காலம் தாங்கியது. இரண்டாம் வருஷம் அழுக ஆரம்பித்தது. காலை வைத்தால் பிசுபிசுவென்று பழுப்பாக ஊறி வரும். மீன் செதில் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு பாதத்தைக் கிழிக்கும். நாற்றமோ சொல்லி மாளாது. நைனாவின் லுங்கியில், அம்மாவின் தலையில், என் பைக்கட்டில்கூட அந்த நாற்றம். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் தன் பையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து நைனாவிடம் சண்டை போட்டேன். அதைப் பிய்த்து எறி என்றேன். "அது போட்டோட அந்தஸ்து பாப்பா" என்றார். அந்தஸ்து!

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குத்தகைக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றாமலே ஏறினார். நைனா அந்தச் செருப்பையே பார்த்தார். ஏறிய வேகத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"இன்னாடா இது, செத்த எலி வாடை அடிக்குது?"

"கார்ப்பெட்டு மொதலாளி. ஊறிப்போச்சு."

"திங்கக்கெயம வலை போடறோம். காஞ்சிபுரத்து யாவாரி போட்டுல ஏறி மீனப் பாக்கணும்னு கீறாரு. இந்த நாத்தத்துல அவர ஏத்துவியா? வேற கார்ப்பெட்டு போட்டு வையி."

"ஆளு வெச்சுப் போடட்டா மொதலாளி?"

"ஏன், உனுக்குக் கை இல்லியா? முடியலன்னா சொல்லிடு. அக்கரைல ஒருத்தன் மூணு மாசமா இந்த போட்டக் கேட்டுக்கினே கீறான்."

அவ்வளவுதான். பிய்த்து எறிந்துவிட்டு வெறும் தரையாக விடலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, நைனாவுக்கும் தோன்றவில்லை. கார்ப்பெட் இருந்த இடத்தில் கார்ப்பெட்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு பெரிய மனிதர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் பரீட்சைக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருந்தது.

அன்று சோறு போடும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"மானாம்பதிக்குப் போய் எங்கண்ணன ஒரு வார்த்த கேட்டுனு வாயேன். சைக்கிள் கடையில தெனிக்கும் ஒட்டறவரு. ஒரு கை பாத்து குடுப்பாரு."

நைனா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அந்த வூட்டு வாசப்படிய மெறிக்கமாட்டேன்னு சொல்லிக்கீறேன்ல."

இந்த வீம்புக்கும் காரணம் நான்தான். என் காதுகுத்தில் தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். மாமா வர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று நைனா துடித்துப்போய், பக்கத்து வீட்டுக்காரர் மடியில் என்னை உட்கார வைத்துக் காதைக் குத்தச் சொல்லிவிட்டார். மாமா தட்டும் தோடுமாக வேர்க்க விறுவிறுக்க வந்து பார்த்தார். வருகிற வழியில் சைக்கிள் பஞ்சர் ஆகியிருக்கிறது. ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவருக்கு அன்றைக்குப் பார்த்துக் கையில் சாமான் இல்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான். அவரும் வரவில்லை, இவரும் போகவில்லை. கால் மணி நேரம் பொறுத்திருந்தால் ஒரு உறவு மிஞ்சியிருக்கும். ஆனால் நைனாவுக்கு மனிதர்களைவிடக் காலண்டர் மேல் நம்பிக்கை ஜாஸ்தி. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை எங்கள் கதை.

கார்ப்பெட்டுக்கு வழி அம்மாதான் கண்டுபிடித்தாள். உத்திரமேரூர் பஜாரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவள் முகூர்த்த நாட்களில் பாத்திரம் தேய்க்கப் போவாள். மணமேடைக்கு நடுவில் விரிக்கிற சிவப்புக் கார்ப்பெட் கிழிந்து பழசாகிப் பின்பக்கம் கிடந்தது. கேட்டாள், எடுத்துக்கொண்டு போ என்றார்கள். நானும் அவளும் அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தோம். முன் முனை அவள் தலையில், பின் முனை என் தலையில். அவள் வேகமாக நடந்தால் நான் ஓட வேண்டும், அவள் நின்றால் என் கழுத்து முறியும். பஜாரில் எல்லோரும் பார்த்தார்கள். கூடப் படிக்கிறவள் ஒருத்தி வளையல் கடை வாசலில் நின்று பார்த்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

வீட்டில் விரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு நூறு கல்யாணம் இருந்தது. நாருக்கு நார் மஞ்சள் அரிசி சிக்கியிருந்தது. ஒரு ஓரத்தில் ஹோமத் தீ பட்டுக் கருகிய ஓட்டை. பாயசம் கொட்டிய கறை, எண்ணெய்க் கறை, யாரோ மிதித்து நசுக்கிய கதம்பம். ஏரியில் போட்டு அலசினோம். சாயம் போய்க் கரையோரத் தண்ணீரெல்லாம் சிவந்துவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. எத்தனை அலசினாலும் சாம்பார் வாசனை மட்டும் போகவில்லை.

வியாழக்கிழமை பழைய பச்சைக் கார்ப்பெட்டைப் பிய்த்தோம். படகைக் கரையேற்றிக் கருவேல மரத்தடியில் வைத்து, அரிவாளும் மண்வெட்டியுமாக மூன்று பேரும் சுரண்டினோம். அது என்ன பசையோ, நூல் நூலாக வந்ததே தவிரத் தகடாக வரவில்லை. அடியில் வெள்ளைப் புழு நெளிந்தது. அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பட்டணத்து ஜனங்கள் விட்டுப்போனதெல்லாம் ஓரங்களில் புதைந்திருந்தது. ஒரு தலைக் கிளிப், ஒரு சட்டைப் பொத்தான், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் விசில். விசிலை நான் எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டேன். ஊதினால் பாதிச் சத்தம்தான் வரும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான், அதையும் பிறகு சூளையில் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒட்டுவது என்று நைனா காலண்டரைப் பார்த்து முடிவு செய்தார். ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் கார்ப்பெட் படகில் உட்கார்ந்துவிட வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். பஜார் கடையில் வாங்கிய பசை டப்பாவில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிற பெண், அதுவும் நாலாவது வரை பாதிப் பாதி வருஷத்தைக் களிமண்ணில் கழித்தவள்.

மிச்சம் இருந்த பழைய பிசினைச் சுரண்டி முடிக்கவே பத்து மணி ஆகிவிட்டது. நைனா டப்பா மூடியை ஆணி போட்டு நெம்பினார். பெட்ரோலும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி ஒரு நெடி, மண்டை கிறுகிறுத்தது. உள்ளே தேன் நிறத்தில் பசை. வெள்ளையடிக்கிற மட்டையைத் தோய்த்து ஃபைபர் தரையில் இழுத்தார். அம்மா கார்ப்பெட்டின் பின்பக்கம் பூசினாள். இரண்டு பக்கமும் பூச வேண்டும் என்று டப்பாவில் படம் போட்டிருந்ததால் அதை மட்டும் சரியாகச் செய்தார்கள்.

"அடுத்தது இன்னா போட்டுக்கீது, படி."

நான் எழுத்துக் கூட்டினேன். அலோ. டு. டிரை. பிறகு ஒரு எண், பத்து, பதினைந்து. டிரை என்றால் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் புத்தகத்தில் டிரை லீஃப் என்று காய்ந்த இலையின் படம் இருந்தது.

"காய உடணுமாம் நைனா. பத்து, பதினஞ்சு நிமிசம் காய உட்டுட்டு அப்பறம் ஒட்டணுமாம்."

நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"காஞ்ச பசை எங்கனா ஒட்டுமா பாப்பா?"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. தேர்தல் வந்தால் நைனாதான் சுவரில் போஸ்டர் ஒட்டுவார். மைதா மாவைக் காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு போய், ஈரம் சொட்டச் சொட்டப் பூசி ஒட்டுவார். கொஞ்சம் ஆறினாலும் போச்சு, உரிந்துவிடும். ஈரம்தான் ஒட்டும், காய்ந்தால் ஒட்டாது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒட்டிய ஒவ்வொரு காகிதமும் அவருக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

அப்போது பத்தே கால் பஸ் ஏரிக்கரை மேல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்களுக்குக் கடிகாரம் அதுதான். அம்மா கார்ப்பெட்டின் இரண்டு மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராவு காலம் பொறக்கப் போவுது, சீக்கிரம் இன்னானு சொல்லுய்யா. கை உட்டுப்போவுது."

கார்ப்பெட்டைப் போட்டார்கள். பசை ஈரமாக இருந்ததால் அது வழுக்கிக்கொண்டு போனது. நைனாவுக்கு அதில் சந்தோஷம்தான். கோணலாக விழுந்ததை இப்படியும் அப்படியும் நகர்த்தி நேராக்க முடிந்தது. ராகு காலம் பிறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மேலே அம்மியைத் தூக்கி வைத்தார், மணல் மூட்டை நாலு வைத்தார். ஹோமத்து ஓட்டை தெரியாமல் பின்மூலைக்குப் போகும்படி முன்பே திருப்பிப் போட்டிருந்தார். நான் விசிலை ஊதிக்கொண்டு கரையில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளை எடுத்தபோது தெருவே வந்து பார்த்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெயில் பட்ட ஓரங்கள் கெட்டியாகப் பிடித்திருந்தன. நைனா நாலு ஓரத்தையும் இழுத்து இழுத்துக் காட்டினார். நடுவில் என்ன நிலைமை என்று யார் பார்த்தார்கள்? நான் நடுவில் ஏறி நின்று பார்த்தேன். காலடியில் லேசாக அசைந்தது. சொன்னால் திட்டு விழும் என்று இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வலை இழுத்தார்கள். குத்தகைக்காரரும், வெள்ளை வேட்டி கட்டிய காஞ்சிபுரத்து வியாபாரியும் படகில் ஏறினார்கள். வியாபாரி கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நைனாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மதகுமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் போல மீன் அதற்கு முன் விழுந்ததில்லை. கெண்டைகள் ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு. படகின் நடுவில் குவித்துக்கொண்டே போனார்கள். இன்னொரு வலையைத் தூக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தபோது படகும் சாய்ந்தது. அந்தச் சாய்வில் கார்ப்பெட் நடுவிலிருந்து கிளம்பியது. ஓரங்கள் பட்பட்டென்று விட்டுக்கொண்டன. மீன் குவியலைச் சுமந்துகொண்டே சிவப்புக் கார்ப்பெட் முழுசாக வழுக்கி ஏரிக்குள் போனது. அதன்மேல் நின்றிருந்த வியாபாரியும் கூடவே போனார். மார்பளவுத் தண்ணீர்தான், உயிருக்கு ஒன்றுமில்லை. அவர் எழுந்து நின்றபோது வேட்டியெல்லாம் தேன் நிறப் பசை ஒட்டியிருந்தது. மூன்று நாள் ஆகியும் காயாத பசை.

மதகுமேல் என்னோடு நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு குத்தகைக்காரர் நைனாவைப் பார்த்துக் கையை நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அடிக்கவில்லை, கத்தக்கூட இல்லை. கழியைக் கொடு என்று கேட்டார். நைனா இரண்டு கையாலும் கழியைக் கொடுத்தார்.

புதன்கிழமை சூளை ஏஜெண்டின் லாரி ஊருக்குள் வந்தது. நடு சீசனில் ஆள் பற்றாக்குறை, எங்களை உடனே சேர்த்துக்கொண்டார்கள். சட்டி பானையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது விஷயம் கேள்விப்பட்டு மானாம்பதி மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். காதுகுத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் வாசலுக்கு வருகிறார். தரையில் கிடந்த பசை டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"மாப்ள, இது பஞ்சர் சொல்யூசன் மாதிரிதான். தடவிட்டு ஊதி ஊதிக் காய வெச்சு, கைல ஒட்டாத பதம் வந்தப்பறம்தான் வெச்சு அழுத்தணும். ஈரத்துல வெச்சா சென்மத்துக்கும் ஒட்டாது. என்னிய ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

நைனா லாரி மேலிருந்து இறங்கி வந்தார். சண்டை வரப் போகிறது என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சண்டை வரவில்லை.

"எம் பொண்ணு சொல்லுச்சு மச்சான். காய உடணும்னு படிச்சு சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். லாரி கிளம்பிவிட்டது.

அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. ஆடியில் திரும்பி வந்தபோது கூடப் படித்தவர்கள் எல்லாம் ஏழாவது. நான் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் ஆறாவதில் உட்கார்ந்தேன். முதல் பாடத்திலேயே அந்தக் காய்ந்த இலையின் படம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நைனாவும் கரைமேல் நடந்து போனோம். அக்கரைக்காரன் படகைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தோம். கார்ப்பெட்டும் இல்லை ஒன்றும் இல்லை. வெறும் தரை. வழுக்காமல் இருக்க இரண்டு கோணிப் பையைப் பிரித்துப் போட்டிருந்தான். அழுக்கானால் உதறிப் போட்டு வேறு கோணி. குத்தகைக்காரர் அதற்கு ஒன்றுமே சொல்லவில்லையாம். இரண்டு கோணிப் பைக்குப் போகிற விஷயத்துக்கு என் ஒரு வருஷம் போனது. நைனா இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "கோணி நல்லாத்தான் கீது" என்றார். வேறு என்ன சொல்வார்?

அதற்குப் பிறகு சூளைக்குப் போகும்போது என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். மாமாவும் நைனாவும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், அந்த அளவுக்கு அந்தக் கார்ப்பெட் புண்ணியம் கட்டிக்கொண்டது. நான் படித்துக் கிராம நர்ஸ் ஆனேன். முப்பது வருஷம் மாத்திரை அட்டையையும் மருந்து பாட்டிலையும் படித்துப் படித்து ஜனங்களுக்குச் சொல்வதே வேலை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை வேளை. கேட்காவிட்டால் கத்துவேன். தெரியுமா தெரியாதா என்று சந்தேகம் இருந்தால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மறு வேலை. இந்த நர்சம்மா ஏன் இப்படி உயிரை எடுக்கிறாள் என்பார்கள்.

இந்த வேலை கிடைத்த நாளிலிருந்து நைனாவுக்கு அந்தப் படகுக் கதை ஒரு பெருமையாகிவிட்டது. டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார். "எம் பொண்ணு ஆறாவதுலியே இங்கிலீசு படிச்சு சொல்லுச்சு. இந்த மடையன்தான் கேக்கல." நானும் நம் கூட்டத்தில் எத்தனையோ தடவை அதே கதையைச் சொல்லியிருக்கிறேன். என் பேச்சை யார் கேட்டார்கள், அந்த மனுஷன் வீம்பால் என் படிப்பு போனது என்று சொல்லிச் சொல்லிப் பொருமியிருக்கிறேன். நீங்களும் பாவம் என்று உச்சுக்கொட்டியிருக்கிறீர்கள்.

என் மகளுக்கு நிச்சயதார்த்தம் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு நடுவில் சிவப்புக் கார்ப்பெட். நைனா அதைத் தடியால் தட்டிக் காட்டிச் சம்பந்தியிடம் அதே கதையை ஆரம்பித்தார். "நான்தான் கேக்கல" என்கிற இடம் வந்ததும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அதற்குள் நேரமாகிறது, தட்டு மாற்ற வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் நைனா போய்விட்டார்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை பத்தே கால் பஸ் போன பிறகு, கார்ப்பெட்டைப் போடுவதற்கு முன், ஒன்று நடந்தது. அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. நைனா மட்டையை டப்பாமேல் வைத்துவிட்டார். பசைக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து குந்தினார். ராகு காலத்தையும் விட்டு, கார்ப்பெட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கிற அம்மாவையும் விட்டு, என் முகத்தையே பார்த்தார்.

"நல்லாப் பாத்து சொல்லு பாப்பா. காய உடணும்னுதான் போட்டுக்கீதா? நீ சொன்னா நிறுத்திடறேன்."

எனக்குத் தெரிந்திருந்தது. டிரை என்றால் காய்ந்தது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் நல்ல நேரம் தப்பிப்போய், அப்புறம் ஒட்டாமல் போனால் படகு போனதற்குப் பழி என் தலையில் விழும் என்று பயந்துவிட்டேன்.

"தெரியல நைனா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுந்துபோய்க் கார்ப்பெட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.